ஓடும் குதிரையின் காலுக்கு யார் பொறுப்பு? மட்டக்களப்பு, அம்பாறையில் குதிரை வைத்திருப்போருக்கும் போட்டி நடத்துவோருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

சித்திரை வருடப்பிறப்போ பெருநாளோ நெருங்கும்போது விளையாட்டுக்கழகக் கூட்டத்தில் வழுக்குமரம், முட்டி உடைத்தல், மரதன் என்று பட்டியல் நீளும். அப்போது யாராவது ஒருவர் கேட்பார்: “இந்த முறை கடற்கரையில குதிரை ஓட்டம் ஒண்டு வைப்பமா?” ஆசையில் பிழை இல்லை. குதிரை பாய்ந்து வருவதைப் பார்க்கச் சனம் கூடும். ஆனால் அது 450, 500 கிலோ எடையுள்ள பிராணி. முழுப் பாய்ச்சலில் ஒரு முன்னங்கால் நிலத்தில் படும் கணத்தில் உடம்பு எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு சுமை அந்த ஒற்றைக் காலில் இறங்குகிறது. ஒரு டன்னுக்கும் மேல். அதைத் தாங்குவது நம் மணிக்கட்டைவிடப் பெரிதாகத் தடிக்காத ஓர் எலும்பு.

அந்த எலும்பு உடைந்த பிறகு விசாரித்துப் பாருங்கள். உரிமையாளர் பார்த்தாராம், ஓட்டியவர் பார்த்தாராம், கழகத் தலைவரும் பார்த்தாராம், எல்லாருடைய கண்ணுக்கும் குதிரை நன்றாகத்தான் இருந்ததாம். நுவரெலியாவில் பந்தயம் ஓடி முடித்த குதிரை கைமாறிக் கிழக்குக்கு வந்தால், ஐந்தாறு பேர் அதைப் பார்த்துக்கொள்வார்கள். பொறுப்பு மட்டும் ஒருவரிடமும் இருக்காது. அதனால் பொறுப்பிலிருந்தே தொடங்குவோம்.

படி 1: ஒரே ஒரு பெயரை எழுதுங்கள்

ஒரு குதிரைக்கு ஒரு பொறுப்பாளர். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால், இங்கே தினமும் குதிரையின் கால்களைத் தொட்டுப் பார்ப்பவர் பொறுப்பாளராக இருக்கட்டும். அவர் பெயரை ஒரு கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். குதிரை என்ன தின்றது, என்ன மருந்து போனது, எப்போது லாடம் மாறியது, எந்தக் காலில் சூடு இருந்தது என்ற எல்லாம் அந்தக் கொப்பியில் இருக்க வேண்டும். “இன்றைக்கு ஓடாது” என்று அவர் சொன்னால் உரிமையாளரும் மறுக்கக் கூடாது. அந்த அதிகாரம் இல்லாதவரைப் பொறுப்பாளர் என்று அழைப்பதில் பயன் இல்லை.

பெரிய பந்தய நாடுகள் இந்த இடத்துக்கு அடிபட்டுத்தான் வந்தன. அமெரிக்காவில் பல மாநிலங்களில் நெடுங்காலமாக இருந்த விதி இது: குதிரையின் உடலில் தடைசெய்த மருந்து இருந்தால், யார் கொடுத்தாலும் பயிற்சியாளரே பதில் சொல்ல வேண்டும். 2021 மே மாதம் கென்டக்கி டெர்பிப் பந்தயத்தில் முதலாவதாக வந்த மெடினா ஸ்பிரிட் என்ற குதிரையின் இரத்தத்தில், ஓட்ட நாளில் இருக்கக் கூடாத பீட்டாமெதசோன் என்ற ஸ்டீரொய்டு மருந்து இருந்தது. தோல் வருத்தத்துக்குப் பூசிய களிம்பிலிருந்து வந்தது என்று பயிற்சியாளர் பொப் பாஃபர்ட்டின் தரப்பு சொன்னது. அந்த விளக்கத்தால் வெற்றி நிலைக்கவில்லை. 2022 பெப்ரவரியில் அது பறிக்கப்பட்டது. களிம்பானாலும் ஊசியானாலும் குதிரைக்குள் என்ன போகிறது என்று பொறுப்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போட்டி நடத்துபவரின் பொறுப்பு இதிலிருந்து தனி. நிலம், நேரம், சனக் கட்டுப்பாடு, வைத்தியர் எல்லாம் அவர் கணக்கில் வரும். நம் நாட்டில் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காலம் போன சட்டம், தண்டப்பணம் சிரிப்பை வரவழைக்கும். ஆகவே சட்டத்துக்குப் பயந்து செய்கிற வேலையாக இதை நினைத்தால் ஒன்றும் நடக்காது.

படி 2: வாங்குமுன் தார் வீதியில் ஓடவிட்டுப் பாருங்கள்

விற்பவர் குதிரையை மணலில் அல்லது புல்லில் நிறுத்திக் காட்டுவார். நீங்கள் தார் வீதிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கயிற்றைத் தளர்த்திப் பிடித்தபடி ஒருவர் பக்கத்தில் ஓட, குதிரை துள்ளுநடையில், அதாவது நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட மெல்லோட்டத்தில், முப்பது நாற்பது மீட்டர் போய்த் திரும்பி வரட்டும். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் தலை ஆடுவது மறைந்துவிடும். சிலர் அதற்காகவே இறுக்கிப் பிடிப்பார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது தலையை. முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் நிலத்தில் படும்போது குதிரை தலையை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது தலை கீழே இறங்கும். பின்னங்கால் என்றால் பின்னால் நின்று இடுப்பு எலும்புகள் இரண்டையும் பாருங்கள். ஒரு பக்கம் மற்றதைவிடக் கூடுதலாக ஏறி இறங்கும். அப்புறம் கண்ணை மூடிக் கேளுங்கள். துள்ளுநடையில் கால்கள் குறுக்குச் சோடியாக விழுவதால் இரண்டே தட்டுகள்தான், இரண்டும் ஒரே பலத்தில் கேட்க வேண்டும். ஒன்று பலமாகவும் மற்றது மெதுவாகவும் கேட்டால் எங்கோ வலிக்கிறது.

“காக்கா, இடப்பக்கம் தலை தூக்குதே?”

“அது நொண்டல்ல தம்பி, லாடம் புதுசு. ரெண்டு நாளில சரியாகிடும்.”

சரி, இரண்டு நாள் கழித்து வந்து பார்ப்பதாகச் சொல்லுங்கள். உண்மையாகவே லாடம்தான் காரணம் என்றால் விற்பவருக்கு அதில் நட்டம் இல்லை.

அடுத்தது தொட்டுப் பார்ப்பது. வெயிலில் நின்ற குதிரைக்கு நான்கு காலும் சுடும், ஆகவே விடியற்காலையில் நிழலில் பாருங்கள். புறங்கையால் இடது காலையும் வலது காலையும் மாறி மாறித் தொடுங்கள். முழங்காலுக்குக் கீழே, எலும்பின் பின்பக்கம் கயிறு மாதிரி ஓடும் தசைநாணை, காலை மடக்கித் தூக்கிப் பெருவிரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டு வாருங்கள். ஓரிடத்தில் வீக்கம் வில்போல வளைந்து தெரிந்தால் அந்தத் தசைநாண் முன்பு கிழிந்திருக்கிறது. ஆறினாலும் பழைய பலத்துக்கு வராது. கணுவின் இரு பக்கமும் நாடி பிடித்துப் பாருங்கள். நலமான குதிரையில் அந்தத் துடிப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விரல் வைத்தவுடன் டக் டக் என்று அடித்தால் குளம்புக்குள் அழற்சி அல்லது சீழ் இருக்கக்கூடும்.

இந்தத் தொட்டுப் பார்த்தல் வாங்கும் நாளோடு முடிவதில்லை. குதிரை உங்களிடம் இருக்கும் வரை ஒவ்வொரு காலையிலும் செய்ய வேண்டியது. ஐந்து நிமிட வேலை. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

வயதைப் பல்லில் பார்க்கத் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள். நான்கு வயதுக்குக் குறைந்ததை நம் ஊர் ஓட்டங்களுக்கு எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பந்தய உலகில் இரண்டு வயதிலேயே ஓடவிடுகிறார்கள். அங்கே தினப் பயிற்சியும் எக்ஸ்ரேயும் வைத்தியரும் இருக்கிறார்கள். நம்மிடம் அது கிடையாது.

படி 3: தீவனம், எலும்பைத் தின்னும் தவிடு

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேலே. அங்கிருந்து வரும் குதிரைக்கு நம் வெயில் பழக இரண்டு மூன்று கிழமையாவது வேண்டும், அதுவரை நடை மட்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இன்னும் கூடுதலாக விடுங்கள். கடும் வேலையிலும் வியர்க்காமல் மூச்சு மட்டும் வாங்கினால், வெப்ப நாடுகளில் சில குதிரைகளுக்கு வரும் வியர்வை நிற்கும் நோயாக இருக்கலாம். அந்தக் குதிரை ஓட்டத்துக்கு ஆகாது.

தீவனத்தில்தான் நம் பகுதியில் ஒருவரும் கவனிக்காத ஆபத்து இருக்கிறது. நெல் விளையும் ஊரில் தவிடு மலிவு. மாட்டுக்குப் போடுகிறோம், குதிரைக்கும் போடுகிறோம், அதுவும் ஆசையாகத் தின்கிறது. தவிட்டில் பொஸ்பரஸ் மிக அதிகம், கல்சியம் மிகக் குறைவு. உடம்பு அந்தச் சமநிலையைச் சரிசெய்ய எலும்பிலிருந்து கல்சியத்தை எடுக்கும். மாதக்கணக்கில் இப்படிப் போனால் எலும்பு பலவீனமாகி, முக எலும்பு இருபக்கமும் வீங்கும். பழைய காலத்தில் மாவு ஆலைக்காரரின் குதிரைகளுக்கு இது வந்ததால் ‘மில்காரர் நோய்’ என்றே பெயர் இருந்தது. முகம் வீங்கும் முன்பே, காரணம் தெரியாத நொண்டல் வரும். நீங்கள் லாடத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

கினிப் புல்லிலும் இதே தொந்தரவு வேறு வழியில் வருகிறது. அதிலுள்ள ஒக்சலேட் கல்சியத்தைப் பிடித்துவைத்து உடம்பில் சேரவிடாது. ஆகவே கினிப் புல்லோடு தவிட்டையும் சேர்த்து முக்கிய உணவாகப் போடுவது இரட்டைக் கேடு. தவிட்டைக் கைப்பிடி அளவோடு நிறுத்துங்கள், பல வகைப் புல்லைக் கலந்து போடுங்கள். மொத்த உணவில் கல்சியம் பொஸ்பரஸைவிடக் குறையாமல், ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இருக்கும்படி சுண்ணாம்புக்கல் தூளை எவ்வளவு சேர்ப்பது என்று கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு இதற்கு ஆகாது, வாயைப் பொசுக்கும்.

கோழித்தீனியையும் மாட்டுத்தீனியையும் குதிரைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சில தீனிகளில் கலக்கும் மொனென்சின் என்ற மருந்து கோழிக்கும் மாட்டுக்கும் ஒன்றும் செய்யாது. குதிரையின் இதயத் தசையைச் சிறு அளவிலேயே அழித்துவிடும், மாற்று மருந்து கிடையாது. பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டு மூட்டையை இரவில் குதிரை கிழித்துத் தின்றால் போதும். மாட்டுக்கு வெட்டும் இப்பில் இப்பில் இலையும் வேண்டாம். பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும், குளம்பும் கெடும்.

கடற்கரைப் பக்கமான எழுவான்கரைக் காரருக்கு இன்னொன்று. மணல் தரையில் தீனி போட்டால் மணலும் சேர்ந்து வயிற்றுக்குள் போகும், குடலில் தங்கும், வயிற்று நோவு வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதை மறக்க வேண்டாம். தீனியைத் தொட்டியில் அல்லது றப்பர் விரிப்பில் போடுங்கள். சந்தேகம் இருந்தால் சாணத்தில் ஐந்தாறு உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து விடுங்கள். அடியில் மணல் படிந்தால் வைத்தியரைக் கூப்பிடுங்கள். தண்ணீர் நாளுக்கு 30 முதல் 50 லீற்றர் வரை குடிக்கும், வெயிலில் இன்னும் கூடும். உப்புக்கட்டி எப்போதும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஏர்ப்புவலித் தடுப்பூசி போடாத குதிரையை வாங்கிய கையோடு வைத்தியரிடம் காட்டுங்கள், குதிரைக்கு அந்த நோய் மிக எளிதில் பிடிக்கும்.

படி 4: குளம்பு

நாலைந்து கிழமைக்கு ஒருமுறை, அதிகம் போனால் ஆறு கிழமைக்குள் குளம்பைச் செதுக்க வேண்டும். முன்நுனி நீண்டு குதி தாழ்ந்தால் பின்பக்கத் தசைநாணில் இழுவை கூடும். மாட்டுக்கு லாடம் அடிப்பவர் கைராசிக்காரராக இருக்கலாம், ஆனால் பிளவுக் குளம்பு வேறு, ஒற்றைக் குளம்பு வேறு. ஆணி ஒரு நூல் உள்ளே போனால் சீழ் கட்டும். குதிரைக்கு அடித்துப் பழகிய ஆள் கிடைக்காவிட்டால், மணலில் மட்டும் நடக்கும் குதிரையை லாடம் இல்லாமலே விட்டுவிடலாம்.

மாரி மாதங்களில், கார்த்திகையிலிருந்து தை வரை, கொட்டில் தரை ஈரமாக இருக்கும். குளம்பின் அடியில் முக்கோணமாக இருக்கும் மிருதுவான பகுதி கறுத்து நாறத் தொடங்கினால் அழுகல். தினமும் கொக்கியால் சுத்தம் செய்து, காய்ந்த இடத்தில் நிறுத்துங்கள்.

படி 5: பயிற்சி என்றால் எலும்புக்குக் கொடுக்கும் தவணை

குதிரைக்கு மூச்சும் தசையும் கிழமைகளில் தேறிவிடும். எலும்பு மாதக்கணக்கில்தான் தேறும். ஓட்டத்தில் எலும்பில் நுண்ணிய கீறல்கள் விழுவது இயல்பு. உடம்பு முதலில் சேதமான பகுதியை அரித்து எடுத்து, பிறகே புதிய எலும்பை நிரப்பும். அந்த இடைக்காலத்தில் அது பழையதைவிடப் பலம் குறைந்தது. ஆகவே இரண்டு மாதம் சும்மா நின்ற குதிரையை “போட்டிக்குப் பத்து நாள்தான் இருக்கு” என்று பாயவிடுவது, களைத்த குதிரையை ஓட்டுவதைவிட மோசம்.

கலிபோர்னியாவில் பந்தயக் களங்களில் இறக்கும் குதிரைகளை 1990 முதல் பிரேத பரிசோதனை செய்கிறார்கள். அதில் தெளிவாக வந்த பாடம், கால் முறிந்து இறந்த குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு அதே எலும்பில் முன்பே சேதம் இருந்தது என்பது. திடீர் விபத்து என்று நாம் சொல்வது பெரும்பாலும் பல கிழமைகளாக நடந்துகொண்டிருந்த ஒன்று. அதனால்தான் தினமும் குதிரையின் கால்களைத் தொடச் சொன்னேன்.

முதல் மாதம் நடையும் துள்ளுநடையும். இரண்டாம் மாதம் மெதுவான ஓட்டம். மூன்றாம் மாதத்தில் கிழமைக்கு ஒருமுறை, அதிகம் போனால் இரண்டு முறை, குறுகிய பாய்ச்சல். அடுத்தடுத்த நாள்களில் பாய்ச்சல் வேண்டாம். இடையில் சூடோ வீக்கமோ தெரிந்தால் கணக்கை நிறுத்துங்கள். சித்திரைப் போட்டிக்குத் தயாராக வேண்டுமென்றால் தைப்பொங்கலுக்கு முன்பே தொடங்க வேண்டியிருக்கும். மாரி வெள்ளம் வடியாத தரையில் அது எவ்வளவு சிரமம் என்பது தெரிந்ததே. முடியாவிட்டால் அந்த வருடம் விட்டுவிடுங்கள்.

படி 6: வலி மருந்து

குதிரை நொண்டுகிறது, நாளைக்குப் போட்டி, ஓர் ஊசி போட்டால் சரியாகிவிடும். இந்த மூன்று வாக்கியங்களும் ஒன்றாகக் காதில் விழுந்தால் போட்டியை மறந்துவிடுங்கள். பீனைல்பியூட்டசோன், ஃப்ளூனிக்ஸின் போன்றவை வலியைத்தான் எடுக்கும், கீறல் அப்படியே இருக்கும். வலி இல்லாததால் குதிரை அந்தக் காலை முழுப் பலத்தோடு ஊன்றும்.

அமெரிக்காவின் பந்தயப் பாதுகாப்புச் சட்டம் 2020 டிசம்பரில் கையெழுத்தாகி, களப் பாதுகாப்பு விதிகள் 2022 ஜூலையிலும் மருந்து விதிகள் 2023 மே மாதத்திலும் நடைமுறைக்கு வந்தன. அந்த மருந்து விதிகள் வந்தபோது, இத்தகைய வலி மருந்துக்கும் ஓட்டத்துக்கும் இடையில் 48 மணி நேரம், மூட்டுக்குள் போடும் ஸ்டீரொய்டு ஊசிக்கு 14 நாள் இடைவெளி வைத்தார்கள். நம் ஊரில் இரத்தப் பரிசோதனை செய்ய ஆள் இல்லை. எனவே நாம் இன்னும் கடுமையாக இருப்பதே நல்லது: எந்த வலி மருந்து போட்டாலும் இரண்டு கிழமை ஓட்டம் இல்லை என்று கழகமே விதி எழுதலாம். நுழைவுப் பத்திரத்தோடு கொப்பியையும் வாங்கிப் பாருங்கள். கொப்பி இல்லாத குதிரையைச் சேர்க்காதீர்கள்.

பிரதேச அரச கால்நடை வைத்தியர்கள் மாடும் ஆடும் பார்த்தே நாள் போகிறவர்கள். குதிரை பார்த்த அனுபவம் உள்ளவரா என்று கேட்டறியுங்கள். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்க வேண்டிய நிலை வந்தால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடத்தைக் கேட்டு வழி தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

படி 7: நிலம்

இது முழுக்கப் போட்டி நடத்துபவரின் தலையில். கலிபோர்னியாவின் சாண்டா அனிடா களத்தில் 2018 டிசம்பர் கடைசியில் தொடங்கி 2019 ஜூனில் முடிந்த பருவத்தில் 30 குதிரைகள் இறந்தன. வழக்கத்துக்கு மாறான மழை நிலத்தை மாற்றியிருந்தது. மார்ச் மாதம் பந்தயத்தையே நிறுத்தினார்கள். கோடிக்கணக்கில் செலவழித்துப் பராமரிக்கும் களத்திலேயே இப்படி என்றால், கடற்கரையை எப்படிப் பார்க்க வேண்டும்?

காய்ந்த ஆழமான மணலில் பாயவிடக் கூடாது, தசைநாண் போய்விடும். அலை நனைத்து இறுகிய பட்டிதான் ஓடக்கூடியது, ஆனால் அது பல இடங்களில் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். சரிவில் ஓடும் குதிரைக்கு ஒரு பக்கக் கால்கள் எப்போதும் மேட்டில் இருக்கும். தட்டையான, ஆறு ஏழு குதிரை தாராளமாக ஓடும் அகலமுள்ள பட்டி கிடைக்காவிட்டால் ஒவ்வொன்றாக ஓடவிட்டு நேரம் எடுங்கள்.

முதல் நாள் மாலை ஒருமுறை, போட்டிக்கு ஒரு மணி நேரம் முன் மறுமுறை முழு நீளத்தையும் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். நண்டு வளை, புதைந்த போத்தல், தோணி நங்கூரம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கரைவலைக் கயிறு. மீனவர் சங்கத்தோடு முன்கூட்டியே பேசி அந்தக் காலையில் அந்தப் பகுதியில் வலை வளைக்காதிருக்கக் கேளுங்கள். அவர்களுக்கு ஒரு நாள் தொழில் போகும் என்பதால் அதற்கான பணத்தையும் செலவுக் கணக்கில் போடுங்கள். முடிவுக் கோட்டுக்கு அப்பால் குதிரை வேகம் குறைக்க இருநூறு மீட்டராவது சும்மா கிடக்க வேண்டும். சனம் தரைப்பக்கம் மட்டும் நிற்கட்டும். நாய்களைக் கட்ட ஆள் வையுங்கள்.

படி 8: போட்டிக் காலை

விடிந்தவுடன் ஓட்டத்தை முடிக்கப் பாருங்கள். பேச்சும் மாலையும் பரிசளிப்பும் பிறகு நடக்கட்டும். பிரதம விருந்தினர் வரத் தாமதமாகி, பத்து மணி வெயிலில் குதிரைகள் சேணத்தோடு காத்து நிற்பது நம் ஊரில் நடக்கக்கூடிய காரியம். நேரம் தவறினால் ஓட்டம் ரத்து என்பதை அழைப்பிதழ் அச்சடிக்கும் முன் முடிவு செய்யுங்கள்.

ஓட்டத்துக்கு முன் கால்நடை வைத்தியர் ஒவ்வொரு குதிரையையும் கடினத் தரையில் துள்ளுநடை விட்டுப் பார்க்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், விளக்கம் கேட்கக் கூடாது. அவருக்குச் சம்பளம் கழகம் கொடுக்கட்டும், குதிரைக்காரர் கொடுக்கக் கூடாது. ஓட்டுபவர்கள் தலைக்கவசம் போட வேண்டும். சவுக்கு தேவையே இல்லை என்பேன். பிரித்தானியாவில்கூடத் தடை தாண்டாத தட்டைப் பந்தயத்தில் ஆறு சவுக்கடிக்கு மேல் போனால் தண்டனை.

ஓடி முடித்த குதிரைக்கு உடனே தண்ணீர் ஊற்றுங்கள், நிறுத்தாமல், உடல் முழுக்க, குளிர்ந்த தண்ணீர் கிடைத்தால் அதுவே நல்லது. சூடான உடம்பில் குளிர்நீர் பட்டால் தசை பிடிக்கும் என்பது பழைய பயம். வெப்பமான இடங்களில் நடக்கும் குதிரைப் போட்டிகளில் இப்படித்தான் காப்பாற்றுகிறார்கள். உடல் வெப்பம் இயல்பில் 37.5 முதல் 38.5 பாகை. 40ஐத் தாண்டினால், 39க்குக் கீழே வரும் வரை நிறுத்த வேண்டாம். குடிக்கவும் கொடுக்கலாம்.

படி 9: கால் முறிந்தால்

இதைப் பேச ஒருவருக்கும் பிடிக்காது, ஆனால் முதல் நாளே பேசி எழுத வேண்டும். வலி தாங்காத நிலையில் உயிரை எடுக்கும் முடிவை உரிமையாளரைத் தேடி அலையாமல் வைத்தியரே எடுக்கலாம் என்று உரிமையாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். மறைக்க ஒரு பெரிய படங்கும் நான்கு ஆட்களும் தயாராக இருக்கட்டும். முறிந்த குதிரையை நடத்தக் கூடாது, சனம் கையடக்கத் தொலைபேசியோடு நெருங்கக் கூடாது.

“ஏன் கட்டுப் போட்டுக் காப்பாற்றக் கூடாது?” என்று கேட்பார்கள். 2006 மே மாதம் பந்தயத்தில் பின்னங்கால் நொறுங்கிய பார்பரோ என்ற குதிரைக்கு அமெரிக்காவின் சிறந்த வைத்தியசாலைகளில் ஒன்றில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மற்றக் கால்களில் சுமை கூடிக் குளம்பழற்சி வந்து, 2007 ஜனவரியில் கருணைக்கொலைதான் முடிவானது. அந்த வசதியோடே அப்படி. உயிரெடுக்கும் ஊசி போட்ட உடலை ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். அந்த இறைச்சியைத் தின்னும் நாயும் பறவையும் சாகும்.

படி 10: அடுத்த இரண்டு நாள்

ஓட்டத்தன்று நன்றாக நடந்த குதிரை மறுநாள் காலையில் நொண்டலாம். தசைநாண் காயம் பெரும்பாலும் அப்படித்தான் வெளியே வரும். பரிசுப் பணத்தில் ஒரு பகுதியை மூன்றாம் நாள் பரிசோதனைக்குப் பிறகே கொடுப்பது என்று கழகம் வைத்துக்கொண்டால், குதிரையை அன்றிரவே லொறியில் ஏற்றி வேறு ஊர்ப் போட்டிக்குக் கொண்டுபோகும் வேலை நின்றுவிடும். பரிசோதித்ததைக் கொப்பியில் எழுதி, பொறுப்பாளரிடமும் வைத்தியரிடமும் கையெழுத்து வாங்கிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.